தரையில் ஒரு பாயின்ட்

எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இடுப்புக்குக் கீழே சுவிட்ச் போர்டு கிடையாது. செம்பாக்கம் ஏரி ஒருமுறை பெருகி, கேட்காமலேயே வீடுகளுக்குள் வந்து, கட்டிலையும் காஸ் சிலிண்டரையும் மிதக்கவிட்டுப் போன பிறகு, ஆளாளுக்கு எலக்ட்ரீஷியனைப் பிடித்து எல்லாவற்றையும் தலைக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். நாங்களும் ஏற்றினோம். போனுக்கு சார்ஜ் போடக்கூட நான் நுனிக்காலில் நிற்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தத் தண்ணீருக்குள் நின்றவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில், அதுவும் அடுப்படியில், தரைக்கு நட்டநடுவே ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்று நான் கேட்டபோது, எலக்ட்ரீஷியன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிறவர். எங்கள் போர்டுகளை மேலே ஏற்றியவரே அவர்தான்.

"இன்னாக்கா, அன்னிக்கு ஏத்து ஏத்துன்னு உயிர எடுத்தீங்க. இன்னிக்குத் தரையில போடுன்றீங்க. தண்ணி வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"தண்ணி எப்பவாவதுதான் வரும். மூச்சு தினமும் வேணும்," என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். உள்ளே அறையில் மெஷின் ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டது.

என் கணவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற நோய். ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சிகரெட் தொட்டதில்லை, பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மருந்து நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது என்று டாக்டர் சொன்னார். நிறுத்த முடியாத ஒன்றை மெதுவாக்க மாத்திரை தருகிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருக்கும்வரை அவருக்கு மூச்சு இருக்கும். அவ்வளவு எளிமையான கணக்காக எங்கள் வாழ்க்கை சுருங்கிவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் சமையல் அவருடையது. நான் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். விடிந்ததும் ஸ்கூல் வேனைப் பிடிக்க ஓட வேண்டும். அவருக்கு ஆபீஸ் பிறகுதான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அவருடைய வத்தக்குழம்புக்காகவே என் தம்பி கேளம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருவான். எனக்கு ரசம் வைத்தால் வெந்நீர்போல் வரும்.

ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பே கூடாது என்று மெஷின் கொண்டுவந்தவர்கள் சொன்னதும் காஸ் அடுப்பை எடுத்துவிட்டோம். மேடையில் இண்டக்ஷன் அடுப்பு வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவர் அழுதார். நோயின் பெயரைக் கேட்டபோதுகூட அழாதவர்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு. நான் கட்டில்ல படுத்து விட்டத்தைப் பாத்துக்கிட்டு சாக மாட்டேன். என்னை அடுப்படியில கொண்டுபோய் உக்கார வை. அடுப்புப் பக்கம்கூடப் போகல. நறுக்கித் தரேன், சொல்லித் தரேன், யாராவது செய்யுங்க," என்றார்.

அந்த யாராவது என்பது நானில்லை. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண். நான் ஸ்கூலில் இருக்கும் நேரமெல்லாம் அவள்தான் அவருக்குத் துணை. அவர் நாற்காலியில் இருந்தபடி கத்திரிக்காய் அரிந்து கொடுப்பார். அவள் தாளித்து வதக்குவாள். "உப்பு அப்புறம் போடும்மா, அவசரப்படாதே" என்று அவர் அதட்டுவார். "சார், அம்மாவ அதட்ட முடியாம என்னியா அதட்டுறீங்க" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். சாயங்காலம் நான் வரும்போது இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்காகவே நான் வேகமாக வீட்டுக்கு வருவேன்.

முதலில் மெஷினைக் கூடத்தில் வைத்துவிட்டு நீளக் குழாயை அடுப்படிவரை இழுத்துவிட்டோம். ஒருநாள் கதவு காற்றில் சாத்திக்கொண்டு, குழாயை நசுக்கிவிட்டது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காற்று மட்டும் வரவில்லை. அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் இருந்தேன். உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகிவிட்டிருந்தது.

சரி, மெஷினையே உள்ளே கொண்டுபோவோம் என்றால், போர்டு தலைக்கு மேலே. வயர் நடக்கிற வழியில் துணிக்கொடி மாதிரி தொங்கும். வேலைக்கு வருகிற பெண் ஒருமுறை கையில் பாத்திரத்தோடு அதில் மாட்டிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டால், தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற அடுப்படி. ஈரத் தரையில் அந்தப் பாக்ஸ் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கி மேடைமேல் வைத்தேன். அதனால்தான் தரையில் பாயின்ட். வேறு வழியிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

எலக்ட்ரீஷியன் அடுப்படியில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். வாட்டம் ஸிங்க் பக்கம் இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கமாக, என் கணவரின் நாற்காலிக்கு அருகில், டைல்ஸை அறுக்க அடையாளம் போட்டார். டைல்ஸ் அறுத்தால் தூசி பறக்கும். தூசி அவருக்கு விஷம். அறைக்குள் அவரை வைத்துக் கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் ஈரப் புடவையைத் திணித்தேன். வெளியே ஒரு மெஷின் டைல்ஸைக் கிழிக்க, உள்ளே இன்னொரு மெஷின் மூச்சு விட, நான் கதவில் முதுகை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு குட்டி மேடை கட்டி, அதற்குள் இரும்புப் பெட்டியைப் பதித்து, ரப்பர் வளையம் வைத்த பித்தளை மூடியைப் போட்டார். தனி எர்த் இழுத்தார். அதற்கென்று சுவரில் ஒரு தனி சுவிட்சும் மாட்டினார். ஆர்.சி.சி.பி. என்றார். கரண்ட் எங்காவது கசிந்து தரைக்கோ ஆள் மேலோ போனால், கண்ணிமைக்குமுன் லைனை அறுத்துவிடுமாம்.

"ஈரத்துல கீற பாயின்ட்டுக்கா. இது இல்லாம நான் குடுக்க மாட்டேன்," என்றார். அந்தச் சுவிட்சும் தலைக்கு மேலேதான். எங்கள் தெரு வழக்கம் அது.

கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். என் கணவர் மூடியைக் காட்டி, "நம்ம வீட்டுலயே பித்தளையில இருக்கறது இது ஒண்ணுதான். தங்கம் மாதிரி பாத்துக்கணும்," என்றார். வேலைக்கு வருகிற பெண்ணுக்கு நானே எடுத்துச் சொன்னேன்: இதிலிருந்துதான் சாருக்கு மூச்சு வருகிறது, இதன்மேல் பாத்திரம் வைக்காதே, பத்திரம். அவள் மூடியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு அந்தச் சுவிட்ச் தானாக ஆப் ஆகி விழ ஆரம்பித்தது.

ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது போன் வந்தது. "டீச்சரம்மா, மெஷின் நின்னுபோச்சு, கூவிகினே கீது, சாரு மூஞ்சி ஒரு மாரியா கீது." பவர் கட் என்றால் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். இந்தச் சுவிட்ச் இன்வெர்ட்டருக்கும் அப்பால் இருந்தது. அது அறுத்தால் அறுத்ததுதான். அவளுக்கு எட்டாத உயரம். ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கிவிட்டாலும் மறுபடி விழுகிறது. கடைசியில் மெஷினைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடி, அங்கே மாட்டியிருக்கிறாள். அதற்குள் அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வந்தார். சுவிட்ச், வயர், எர்த் எல்லாம் சரியாக இருந்தது. இன்வெர்ட்டரின் நியூட்ரல் வயர் இதோடு கலந்து சுவிட்சை விழவைக்கிறதா என்று பார்த்தார்; கலக்கவில்லை. மெஷினையே மாற்றினோம், அதே கதை. நான் இருக்கும் சனி, ஞாயிறுகளில் அது ஒழுக்கமாக இருந்தது. நான் படியிறங்கிப் போனால் விழுந்தது. தினமும்கூட விழவில்லை, எந்த நாள் விழும் என்று தெரியாமல் இருப்பதுதான் அதைவிடக் கொடுமை. வகுப்பில் பாடம் நடத்தும்போது என் கை புடவை மடிப்பில் இருக்கிற போனையே தடவிக்கொண்டிருக்கும். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். கோயில் வாசலைக் கடக்கும்போது கும்பிடாமல் முறைத்துவிட்டுப் போனேன். எனக்குப் பெரிய பக்தி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் முறைப்பதற்காவது அங்கே யாராவது இருக்கட்டும் என்று இருந்தது.

"அடுப்படியே வேண்டாங்க, அறையிலயே இருங்க," என்று அவரிடம் கெஞ்சினேன்.

"அறையில இருந்தா நின்னுடாதா?" என்றார். "எங்க நின்னாலும் நிக்கத்தான் போகுது. இங்க நிக்கட்டும்."

அவரை அறையவா, கட்டிக்கொண்டு அழவா என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி போன். இந்த முறை அவள் பேசவே இல்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. கூடத்துக்கு இழுக்கும்போது மெஷினின் சக்கரம் நிலைப்படியில் மாட்டிக்கொண்டதாம். மாற்றுக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் திருகு அவள் கைக்கு அசையவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து திறந்திருக்கிறார். நான் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது என் கணவர் சிலிண்டர் குழாயோடு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். நகமெல்லாம் நீலம். என்னைப் பார்த்து, "கூட்டு கரிஞ்சுபோச்சு," என்றார். அதைத்தான் சொன்னார்.

அந்த நிமிடமே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். வந்தார். நான் சுவரைக் காட்டினேன்.

"அந்தச் சனியனைக் கழட்டிடுங்க. டைரக்டா குடுத்துடுங்க."

"அக்கா, அது சேப்டிக்குக்கா. அத எடுத்தா யாராச்சும் கைய வச்சா..."

"யாருக்கு சேப்டி? எனக்கா? அவரைக் கொல்லுது அது! எத்தனை வீட்டுல எடுத்திருப்பீங்க, எனக்குத் தெரியாதா? கழட்டுங்க."

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி என் கணவர் கேட்டதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். எத்தனையோ வீட்டில் எடுத்திருக்கிறார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. "சரிக்கா. உங்க இஷ்டம். கீழ ஒருவாட்டி டைட் பண்ட்டு, அப்பால மேல கை வைக்கிறேன்," என்று லைனை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பித்தளை மூடியைத் திருகி எடுத்தார். அதன் கீழே பிளக் செருகும் தட்டையும் கழற்றினார்.

கழற்றியவர் அப்படியே இருந்தார். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து எனக்குக் காட்டினார். மஞ்சளாக, ஈரமாக, நடுவே சிவப்பு கலந்திருந்தது.

"இன்னாக்கா இது? மஞ்சள் மாரி கீது."

மஞ்சளேதான். மஞ்சளும் குங்குமமும் குழைந்து, பெட்டிக்குள் வழிந்து, ஒரு பக்கம் காய்ந்து பொருக்காக நின்றது; மறுபக்கம் அன்றைய ஈரம். பிளக் துளைகளின் ஓரமெல்லாம் மஞ்சள். அதைப் பார்த்தபோதெல்லாம் சமையலில் சிந்திய தூள் என்றே நினைத்திருந்தேன்.

வாசல்படியில் நின்றிருந்த அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தான் டீச்சரம்மா. செவ்வா வெள்ளி செவ்வா வெள்ளி மூடியத் தொறந்து, தண்ணி தொட்டுத் தொடச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, உள்ள ஒரு பொட்டு வைப்பேன். அப்பால சார கூட்டியாந்து மெஷின மாட்டுவேன். நீங்கதான சொன்னீங்க, சாருக்கு உசுரு இதுலதான் வருதுன்னு. உசுரு வர்ற எடத்த அப்டியே எப்டி வுட்றது?"

"பொட்டு வைக்கறப்ப மேல சுவிட்ச் ஆப் பண்ணுவியா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"அது எங்க எனக்கு எட்டும்ணா? எப்பவும் போட்டுத்தான் கெடக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "செல நாளு விரல்ல சுருக்குன்னும். சாமி கீதுன்னு நெனச்சிகினு கன்னத்துல போட்டுக்குவேன்."

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டெஸ்டரைத் தரையில் வைத்தார்.

"அக்கா," என்றார் என்னைப் பார்த்து, மெதுவாக. "நான் இப்ப அத எடுத்துட்டுப் போயிருந்தா, வர்ற செவ்வாக்கெழம இவங்க..."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது, உண்மை. ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று கைகூட எழுந்தது. அதே கணத்தில், ஈரக் கையோடு அந்தப் பெட்டிக்கு முன் அவள் விறைத்துக் கிடப்பதும், நாற்காலியிலிருந்து எழ முடியாமல் என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என் கண்முன் வந்தன. நான் ஸ்கூலில் இருந்திருப்பேன். போன் போடக்கூட ஆள் இருந்திருக்காது. இத்தனை நாள் அவர் மூச்சை அறுத்துக்கொண்டிருந்த அந்தச் சனியன், ஒவ்வொரு முறையும் அவளை விட்டுவைத்திருக்கிறது.

"என்னாலயா சாருக்கு மூச்சு நின்னுச்சு?" என்று அவள் கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இருந்த குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்த்து அனுப்பியபோதுகூட அப்படி அழுததில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

என் கணவர் குழாயைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். பேசுவதற்கு அவருக்கு மூச்சைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

"மூடிக்கு வேணாம்மா," என்றார். "உசுரு அதுல இல்ல, எங்கிட்டதான் இருக்கு. எனக்கு வச்சுவிடு."

அவள் விசும்பிக்கொண்டே எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்து, சாமி மாடத்திலிருந்து குங்குமம் எடுத்துவந்து அவர் நெற்றியில் வைத்தாள். அது பொட்டாக இல்லாமல் கோடாக இறங்கியது. அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அந்த இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் துடைத்து, உலர்த்தி, புதுத் தட்டு போட்டார். சுவிட்சைக் கழற்றவில்லை. அவளுக்கும் எட்டும்படி கீழே இறக்கச் சொன்னேன். தண்ணீர் வந்தால் வரட்டும். எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான் கை உயரத்தில் இருக்கிறது. போவதற்குமுன் அதில் ஒரு சின்னப் பட்டனைக் காட்டினார்.

"மாசம் ஒருவாட்டி இத அமுக்கிப் பாக்கணும்க்கா. அமுக்குனா டக்குனு வுழணும். வுழலைன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம், ஒடனே கூப்டுங்க."

அப்படியானால் அவருக்கு மூச்சு தருகிற கரண்டை, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, மாதம் ஒருமுறை நானே என் கையால் அறுக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேனே தவிர அமுக்க முடியவில்லை.

"அமுக்குடி," என்றார் பின்னாலிருந்து. "நான் மூச்சைப் பிடிச்சுக்கறேன்." மூச்சே இல்லாத மனுஷன் சொல்கிற வார்த்தையா அது!

இப்போது முறை பழகிவிட்டது. முதலில் சிலிண்டர் குழாயை அவருக்கு மாட்டுவேன். மெஷினை அணைப்பேன், இல்லாவிட்டால் அது கூவும். பிறகு பட்டனை அமுக்குவேன். டக்கென்று விழும். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், பரீட்சையில் பாஸ் போட்டதுபோல. செவ்வாய், வெள்ளி என்றால் நெற்றியில் குங்குமம் இருக்கும்.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அந்த இடைவெளியில் இருந்தது. மெஷின் இரவும் பகலும் ஓடுவதால் எங்கள் வீட்டில் அவருடைய மூச்சுச் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை. மெஷின் நின்றால்தான் அது கேட்கிறது. மாதம் ஒருமுறை, அந்தக் கொஞ்ச நேரம், நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அதைக் கேட்கிறேன். போன மாதத்தைவிட இந்த மாதம் அது இன்னும் குட்டையாக இருக்கிறது. டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த மாதம் பட்டனை அமுக்கினேன். சுவிட்ச் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டைவிரலைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். விழுந்ததா என்று கண் மட்டும் என்னைக் கேட்டது. நான் அவர் எதிரில் போய் நின்று என் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பிறகு சுவிட்சை மேலே தள்ளி, மெஷினைப் போட்டேன்.

சுவிட்ச் நன்றாக வேலை செய்கிறது.